காணிக்கைப் பெட்டியில் இரண்டாவது சீட்டு

எங்கள் பேட்டையில் முதன்முதலாக ஓட்டு எண்ணியபோது முறம் தேவைப்பட்டது. இதைச் சொன்னால் இப்போது பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அன்றைக்கு எனக்கும் சிரிப்பு வந்தது. கோயிலுக்குள் இருந்ததால் முந்தானையை வாயில் வைத்து அடக்கிக்கொண்டேன். ஓட்டுப் பெட்டி என்று தனியாக ஒன்று எங்களிடம் இல்லை. காணிக்கை போடுகிற மரப்பெட்டியின் மூடியைத் திறந்து மேசைமேல் வைத்திருந்தார்கள். எங்கள் பெண்கள் அந்தப் பெட்டிக்கு முன்னால் வெறுங்கையோடு போய்ப் பழகாதவர்கள். வீட்டில் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் கோயிலுக்கென்று தனியே போட்டுவைத்து, ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து கொட்டுவது வழக்கம். அன்றும் கொண்டுவந்தார்கள். ஓட்டுச் சீட்டைப் போட்டு, அதன்மேல் அரிசியையும் கொட்டினார்கள். பாதிரித் துரை பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, தம்முடைய தேசத்தில் இவ்விதமாய் நடந்ததில்லை என்றார். தோல் பதனிடப் பட்டை இடிக்கிற பெரியம்மா ஒருவர் எழுந்து போய் முறத்தை எடுத்துவந்து, அரிசியை ஒரு பக்கமும் ஜனங்களின் விருப்பத்தை ஒரு பக்கமுமாகப் புடைத்துப் பிரித்தார்.

இது இருபதுகளின் நடுவில் நடந்தது. எங்கள் பேட்டை ஆம்பூருக்கும் வாணியம்பாடிக்கும் நடுவில், பாலாற்றங்கரையில் இருந்தது. தோல் பதனிடும் இடத்துக்கு எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்று பேர். ஷாப்பு இருந்ததால் பேட்டை இருந்தது. முதலாளி வாணியம்பாடி சாயபு. அவருடைய தோல் மதராஸ் போய், கப்பலேறி, சீமையில் யார் யார் காலிலோ ஏறியது. எங்கள் ஜனங்கள் பெரிய பஞ்சத்துக்குப் பிறகு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தவர்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்று ஊரில் ஏளனம் பேசுவார்கள். கஞ்சி ஊற்றாத சாமியைவிட ஊற்றுகிற சாமி மேல் என்று எங்களவர்கள் திருப்பிச் சொல்வார்கள்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அதே பேட்டையில் டீச்சராக வந்தவள். வார நாளில் பள்ளிக்கூடமாக இருக்கிற கட்டடம்தான் ஞாயிற்றுக்கிழமை கோயில். அம்மா நான் சின்னவளாக இருந்தபோதே போய்விட்டாள். அப்பாவை நைனா என்று கூப்பிடுவேன். அவர் ஷாப்பில் மேஸ்திரி. யாருக்கு வேலை, யாருக்கு இல்லை என்பது அவர் வாயில் இருந்தது. துரைமார்கள் வைத்தபடி கோயிலிலும் அவர்தான் மூப்பர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஷாப்பு ரிஜிஸ்தரில் கைநாட்டு வைப்பது எனக்கு வெட்கமாக இருந்ததால், அவர் பெயரை மட்டும் எழுதக் கற்றுக்கொடுத்திருந்தேன். இரண்டு மாதம் பிடித்தது. அதற்குமேல் ஓர் எழுத்துகூட வேண்டாம் என்றுவிட்டார்.

கிணற்றைச் சொல்ல வேண்டும். சண்டையெல்லாம் அதனால்தான். தோலை ஊறவைக்கிற ஆவாரம்பட்டைத் தண்ணீர் ஷாப்பிலிருந்து வாய்க்காலாக ஓடி எங்கள் கிணற்றுப் பக்கமாகத்தான் ஆற்றுக்குப் போகும். ஓடுகிற தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்குமா? மண்ணுக்குள்ளும் இறங்கியது. கிணற்றுத் தண்ணீர் முதலில் துவர்த்தது, பிறகு சிவந்தது. அதில் ஆக்கிய சோறும் சிவந்தது. ஊர்க் கிணற்றில் எங்களை விடமாட்டார்கள். பெண்கள் காலையில் ஷாப்புக்குப் போவதற்கு முன் பாலாற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தண்ணீர் கொண்டுவர வேண்டும். நானும் தோண்டியிருக்கிறேன். டீச்சருக்கென்று மணல் தனியாக இளகிக் கொடுக்காது. சித்திரை வைகாசியில் ஆள் மட்டத்துக்குத் தோண்டினால் அரைக் குடம் கிடைக்கும்.

அப்படியிருக்கும்போது பாதிரித் துரை ஒரு ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஒரு சேதி சொன்னார். அவர் அமெரிக்காக்காரர், எங்களுக்கு எல்லா வெள்ளைக்காரரும் துரைதான். பக்கத்து ஊரில் கிணறு, ரோடு பார்க்கிற யூனியன் போர்டில் தாழ்த்தப்பட்டவர்களுக்காக ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்களாம். அந்த இடத்துக்குத் தேர்தல் இல்லை. சர்க்கார் பார்த்து ஒருவரைப் போடுமாம். எங்கள் பேட்டையிலிருந்து ஒருவர் பேரைச் சொல்லும்படி அவரைக் கேட்டிருக்கிறார்கள். தாமாகச் சொல்ல மாட்டேன், நீங்களே ஓட்டுப் போட்டு ஒருவரைத் தெரிந்தெடுங்கள், அவர் பேரைச் சொல்கிறேன் என்றார். அவர்கள் தேசத்தில் ஜனங்கள் முதலில் சபையில் மூப்பரைத் தெரிந்தெடுக்கத்தான் ஓட்டுப் போட்டுப் பழகினார்களாம். அந்தப் பழக்கம்தான் பிற்பாடு ராஜாங்கத்துக்குப் போயிற்றாம். எனக்கு இது புதுமையாக இருந்தது. கோயிலில் கற்றதைச் சர்க்கார் கச்சேரியில் செய்திருக்கிறார்கள்! எங்கள் ஊரில் கோயிலில் கற்றது கோயில் வாசலிலேயே உதிர்ந்துவிடும்.

பிரதிநிதி என்ற வார்த்தையை அன்றுதான் எங்கள் ஜனங்கள் கேட்டார்கள். ஒருவர் எல்லோருக்காகவும் போய் நிற்பது என்று துரை விளக்கினார். எல்லோரும் உடனே தலையாட்டினார்கள். அவர்களுக்கு அது சுலபமாகப் புரிந்ததைப் பார்த்துத் துரைக்கே ஆச்சரியம். புரியாமல் என்ன? ஒருவர் எல்லோருக்காகவும் நின்ற கதையைத்தானே வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தோம். பட்டை இடிக்கிற பெரியம்மா மட்டும், வீட்டுக்குப் போகும் வழியில் என் காதில் விழும்படி ஒன்று சொன்னார்.

“அவரு நமக்காக செலுவைல நின்னாரு. உங்க நைனா நமக்காக எங்க நிப்பாரு?”

நைனாவைத் தவிர வேறு யார் நிற்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் யார் நிற்க மனதாயிருக்கிறீர்கள் என்று துரை கேட்ட அன்று, நைனாவுக்குப் பிறகு இன்னொருவரும் எழுந்தார். ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்பவர். ஜெர்மன் சண்டைக் காலத்தில் பட்டாளத்துக்கு மூட்டை தூக்குகிற கூலிப்படையில் சேர்ந்து, கடல் தாண்டி பஸ்ரா வரைக்கும் போய் வந்ததால் பஸ்ராக்காரர் என்று பேர். அங்கிருந்து கொஞ்சம் இந்துஸ்தானி, ஒரு ஜோடி பூட்ஸ், கொஞ்சம் எழுத்து, இத்தனையும் கொண்டுவந்திருந்தார். பூட்ஸ் தேய்ந்துபோயிற்று. கையைக் கட்டாமல் பேசுகிற பழக்கம் மட்டும் தேயவில்லை. போர்டுக்குப் போனால் வாய்க்காலுக்கு மேற்கே, மேட்டில் ஒரு கிணறு கேட்பேன் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

ரகசிய ஓட்டு என்பதில் துரைக்கு ஒரே பிடிவாதம். கோயில் மூலையில் பனையோலைத் தட்டி ஒன்றைக் கட்டச் சொன்னார். எழுதத் தெரியாதவர்கள் தட்டிக்குப் பின்னால் போய், அங்கே இருப்பவரின் காதில் பேரைச் சொல்ல வேண்டும். அவர் எழுதி மடித்துக் கொடுப்பார். வேறு யாரும் கேட்கக்கூடாது. அங்கே உட்கார்ந்து எழுத அவர் தெரிந்தெடுத்த ஆள் யார்? நான். மேஸ்திரியின் மகள். துரைக்கு ஏழு பாஷை தெரியும், இது தெரியவில்லை. எனக்கும் அன்று தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒவ்வொருவராக வந்தார்கள். வெற்றிலை வாசத்தோடும் சுண்ணாம்பு வாசத்தோடும் என் காதருகே குனிந்தார்கள். எல்லோரும் நைனா பேரைத்தான் சொன்னார்கள். ஒருவர் பேரே சொல்லாமல், உனக்குத் தெரியாததா, எழுதிக்கோ என்றார். ஓர் அம்மாள், உங்க நைனா பேர்தான் எழுதினேன்னு அவர்கிட்ட மறக்காம சொல்லு என்று வேண்டிக்கொண்டார். எங்கள் நைனாமேல் இத்தனை பிரியமா என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. பஸ்ராக்காரர் மட்டும் என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, தானே எழுதி மடித்துக்கொண்டு போனார். என் சீட்டில் நானும் நைனா பேரையே எழுதினேன். மகள் வேறு என்ன எழுதுவாள்?

முறத்தில் புடைத்து எடுத்த சீட்டுகளைத் துரை விரித்து விரித்து வாசித்தார். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் நைனா பேர். துரைக்கு முகமெல்லாம் சந்தோஷம். சபை ஒருமனப்பட்டிருக்கிறது என்று ஜெபம் பண்ண ஆரம்பித்தார். அப்போது பெரியம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார்.

வேதத்தில் இப்படி இல்லையே என்றார். கர்த்தரைக் காட்டிக்கொடுத்தவன் செத்துப்போன இடத்துக்கு வேறொருவரைத் தெரிந்தெடுக்க வேண்டியபோது சீஷர்கள் என்ன செய்தார்கள்? இரண்டு பேரை நிறுத்தி, ஜெபம் பண்ணி, சீட்டுப் போட்டார்கள். யாரென்று கர்த்தர் காட்டினார். போன வருஷம் துரைதானே இதைப் பிரசங்கம் பண்ணினீர்கள்? மனுஷர் சொன்னதை எண்ணினால் அதில் ஆசீர்வாதம் எப்படி வரும்? நாமும் திருவுளச்சீட்டுப் போடலாம் என்றார்.

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் கோயில் முழுக்க ஆமென் எழுந்தது. அப்படி ஓர் ஆமெனை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. யார் யார் சொல்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். எழுதிக்கோ என்றவர் சொன்னார். மறக்காமல் சொல்லு என்ற அம்மாள் கையைத் தூக்கிச் சொன்னார். என் காதில் நைனா பேரைச் சொன்ன வாய்கள் எல்லாம், ஒன்று மீதியில்லாமல், கணக்கை அழித்துவிட்டுச் சீட்டுப் போடச் சொல்லி ஆமென் சொல்லின. எனக்கு முகம் சுட்டது. பிரியம் என்று நான் பெருமைப்பட்டது பயம். என் காது நைனாவின் காது. அதில் போய் வேறு பேரை யார் சொல்வார்கள்? சீட்டுப் போட்டால் பேர் சொல்வது சாமி. சாமியை வேலையிலிருந்து நிறுத்த எந்த மேஸ்திரியாலும் ஆகாது.

துரை விடவில்லை. சீஷர்கள் சீட்டுப் போட்டது பரிசுத்த ஆவி இறங்குவதற்கு முன்னால். இறங்கின பிற்பாடு அவர்கள் சீட்டுப் போட்டதாக எங்குமில்லை என்று புத்தகத்தைப் புரட்டிக் காட்டினார். நல்ல பதில்தான். ஆனால் பெரியம்மாவிடம் அதற்கும் பதில் இருந்தது.

“அது அவங்களுக்கு எறங்குச்சு தொர. எங்களுக்கு இன்னும் எறங்கலியே.”

துரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். தாம் கற்பித்த வேதத்தைத் தாமே மறுத்துப் பேச முடியாமல் அந்த மனிதர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்குப் பாவமாகவும் இருந்தது, வேடிக்கையாகவும் இருந்தது. கடைசியில் ஓட்டு விழுந்த இரண்டு பேரையும் சீட்டில் எழுதி அடுத்த ஞாயிறு போடலாம் என்று ஒப்புக்கொண்டார். கோயில் மணி அடிக்கிற கண் தெரியாத தாத்தா எடுக்கட்டும் என்றார்கள். எழுதுவது யார் என்று துரை கேட்டார். டீச்சரே எழுதட்டும் என்று பெரியம்மா உடனே சொன்னார். நைனாவின் முகம் அதுவரை இறுகிக் கிடந்தது. அப்போதுதான் தளர்ந்தது.

புதன்கிழமை ஷாப்பிலிருந்து வந்து கைகால் கழுவிக்கொண்டிருக்கும்போது அவர் அதைச் சொன்னார். ஏதோ அடுப்புக்கு விறகு இருக்கிறதா என்று கேட்கிற மாதிரி, சாதாரணமாகச் சொன்னார்.

“ரெண்டுலயும் எம் பேரே எழுதிடு. சாமி எதுல கை வச்சாலும் தப்பு வராது.”

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த செம்பைக் கீழே வைத்துவிட்டேன். அவர் கோபிக்கவில்லை, விளக்கினார். கிணறு சிவந்திருக்கிறது என்று போர்டில் சொன்னால், எதனால் சிவந்தது என்று கேட்பார்கள். கேள்வி ஷாப்புக்கு வரும். முதலாளிக்குக் கோபம் வந்து இரண்டு மாதம் ஷாப்பை மூடினால், பஸ்ராக்காரரா எல்லோருக்கும் கஞ்சி ஊற்றுவார்? வெளியூர் ஆளை இறக்கிவிட்டால் பேட்டையே காலி. தண்ணீர் தூரத்தில் இருந்தாலும் இருக்கிறது. வேலை போனால் எங்கே போய்த் தோண்டுவது என்றார். அவர் கெட்டவர் இல்லை. பஞ்சத்தில் பிறந்தவர். எது கையிலிருக்கிறதோ அதை இறுக்கிப் பிடிக்கத் தெரிந்தவர். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் எனக்குப் பேஜாராக இருந்தது.

அந்த வாரம் முழுக்க எனக்கு மண்டைக் குடைச்சல். சாமிக்கு முன்னால் மோசம் பண்ணச் சொல்கிறாரே என்று ஒரு பக்கம். பெற்ற அப்பாவாச்சே என்று ஒரு பக்கம். வெள்ளிக்கிழமை காலை ஆற்றில் ஊற்றுத் தோண்டும்போது பெரியம்மா பக்கத்துக் குழியில் இருந்தார். தேர்தலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. தம் குடம் நிறைந்ததும் என் குடத்துக்கும் இரண்டு மொண்டு ஊற்றிவிட்டுப் போனார். ஏதாவது கேட்டிருந்தால்கூட எரிந்து விழுந்து மனப்பாரத்தைக் குறைத்துக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகளை அனுப்பிவிட்டு, பள்ளிக்கூடத்தில் தனியாக உட்கார்ந்து இரண்டு துண்டுக் காகிதம் கிழித்தேன். ஒன்றில் நைனா பேரை எழுதினேன். இரண்டாவதில் பஸ்ராக்காரர் பேரை எழுதினேன். அதுதான் நியாயம். அத்தோடு எழுந்து வந்திருந்தால் நான் நல்ல கிறிஸ்தவள். வரவில்லை. அந்த இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாளைக்குத் தாத்தாவின் கை நைனாவின் சீட்டில் பட்டால்? பேட்டை முழுதும் அதைச் சாமி சித்தம் என்று தலையில் வைத்துக்கொண்டு, ஆயுசுக்கும் மணலைத் தோண்டும். ஜனங்கள் மனதில் இருந்த பேர் எது என்று சாமியைத் தவிர அந்தப் பேட்டையில் தெரிந்த ஒரே ஆள் நான். அத்தனை பேரும் என் காதில் சொன்ன பொய்யை வைத்தே அந்த நிஜம் எனக்குத் தெரிந்திருந்தது.

நைனா பேர் இருந்த சீட்டைக் கிழித்து வாயில் போட்டு மென்றேன். வேறொன்றை எடுத்து அதிலும் பஸ்ராக்காரர் பேரை எழுதினேன். எழுத்து கோணலாகப் போயிற்று. சாமியை நம்பாமல் இரண்டிலும் ஒரே பேர் எழுதச் சொன்னார் நைனா. சாமியை நம்பாமல் இரண்டிலும் ஒரே பேர் எழுதினேன் நான். அப்பனுக்கு மகள் தப்பாமல் பிறந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமையும் பெண்கள் பிடி அரிசியைக் கொட்டினார்கள். சீட்டு இரண்டும் அரிசிக்குள் புதைந்தன. துரை நீளமாக ஜெபம் பண்ணினார். கண் தெரியாத தாத்தா சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெட்டிக்குள் கையை விட்டு, அரிசி ஒட்டிய விரல்களோடு ஒரு சீட்டை எடுத்தார். துரை பஸ்ராக்காரர் பேரை வாசித்தார். பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர்களுக்குச் சாமி பேசிவிட்டது. நைனா முன்வரிசையில் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பஸ்ராக்காரர் எழுந்து கைகூப்பி அவருக்கு ஸ்தோத்திரம் சொன்னார். நைனாவும் திருப்பிச் சொன்னார்.

என் உயிரெல்லாம் பெட்டியில் கிடந்த இரண்டாவது சீட்டில் இருந்தது. கூட்டம் கலைந்ததும் எடுத்துவிட வேண்டும் என்று காத்திருந்தேன். துரையின் சம்சாரம் துரைசானி என்னைப் பிடித்துக்கொண்டு, பிள்ளைகளுக்குப் புதுப் பாட்டு பழக்குவதைப் பற்றிப் பேசினார். ஆராதனை முடிந்தபின் பெட்டியைத் தூக்கிப்போய் உள் அறையில் வைப்பது எப்போதும் நைனா வேலை. வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். நான் ஓடிப்போய் அரிசியைக் கைவிட்டுத் துழாவினேன், பிறகு தரையில் கொட்டியே பார்த்தேன். சீட்டு இல்லை.

யார் எடுத்தார்கள்? துரையா, தாத்தாவா, பெரியம்மாவா? துரை எடுத்திருந்தால் கேட்டிருப்பார். தாத்தாவுக்குக் கண் தெரியாது. பெரியம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. நைனாவுக்கும் தெரியாது. வீட்டுக்குப் போனதும் அவர் கேட்பார், ஆளுக்கொன்று நியாயமாக எழுதினேன் என்று சொல்லலாம் என்று ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அவர் சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அன்று கேட்கவில்லை, அந்த வருஷமே கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கிறிஸ்தவரானபின் தாழ்த்தப்பட்டவர் எப்படி என்று கச்சேரிக் குமாஸ்தா ஒருவர் இடையில் கேள்வி போட்டாராம். ஊர்க் கிணற்றில் இவர்களைத் தண்ணீர் எடுக்கவிட்டால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறேன் என்று துரை எழுதினாராம். அதோடு பஸ்ராக்காரரை மெம்பராகப் போட்டு உத்தரவு வந்துவிட்டது. போர்டில் மற்றவர்களுக்கு நாற்காலி, பஸ்ராக்காரருக்கு வாசலுக்கு வெளியே ஒரு முக்காலி. அவர் அதில் உட்காரவில்லை. முதல் நான்கு கூட்டமும் உள்ளே சுவரோரமாக நின்றுகொண்டே கிணறு கேட்டார். நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மற்றவர்களுக்கே கஷ்டமாகிவிட்டது போலிருக்கிறது. ஐந்தாவது கூட்டத்துக்கு ஒரு நாற்காலி வந்தது. கிணறு வர இரண்டு வருஷமாயிற்று.

நடுவில் முதலாளிக்குக் கோபம் வரத்தான் செய்தது. பஸ்ராக்காரரை வேலையிலிருந்து நிறுத்திவிடு என்று நைனாவிடம் சொல்லியிருக்கிறார். போர்டு மெம்பரை நிறுத்தினால் பேச்சு கலெக்டர் வரைக்கும் போகும், ஷாப்புக்குத்தான் கெட்ட பேர் என்று நைனா பதில் சொன்னாராம். வேலை போகவில்லை. ஷாப்பும் மூடவில்லை. இதை எனக்குச் சொன்னவர் பஸ்ராக்காரர். நைனா மூச்சுவிடவில்லை. சீட்டை எழுதியவளுக்கு இதைக் கேட்டு எப்படி இருந்திருக்கும்? ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டே சோறு போட்டேன்.

மேட்டுக் கிணற்றில் முதல் வாளி இறைத்த அன்று, ஏன் என்னை எழுதச் சொன்னீர்கள் என்று பெரியம்மாவைக் கேட்டே விட்டேன். அவர் தண்ணீரை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாங்க சொன்னதெல்லாம் உன் காதுலதானே கீது. வேற யாரைச் சொல்றது?” என்றார்.

பத்து வருஷத்துக்கு மேல் கழிந்தது. முப்பதுகளில் சட்டசபைக்குப் பெரிய தேர்தல் வந்தது. வீட்டு வரி கட்டுவதால் நைனாவுக்கு ஓட்டு. படித்த பெண்கள் மனுக் கொடுத்துக் கேட்டால் உண்டு என்றார்கள். நான் கேட்டு வாங்கினேன். அப்போதும் சர்க்கார் ஜனங்களை அவரவர் கும்பிடுகிற சாமியை வைத்துத்தான் பிரித்தது. சாயபுமாருக்குத் தனித் தொகுதி, கிறிஸ்தவருக்குத் தனித் தொகுதி. ஒரே ஷாப்புத் தண்ணீரைக் குடித்தவர்கள் ஒரே பெட்டியில் ஓட்டுப் போடக்கூடாது. ஏன் இப்படி என்று நான் பலரைக் கேட்டிருக்கிறேன். ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ஒருவர் சொன்னதும் எனக்கு ஒத்துவரவில்லை.

எங்களுக்கு வேலூரில் ஓட்டு. ரயிலில் காட்பாடி போய், ஜட்கா பிடித்துப் போனோம். நைனாவுக்கு வயதாகிவிட்டது, ஷாப்பை விட்டு நின்றுவிட்டார். ஓட்டுச் சாவடியில் ஒரு திரை. திரைக்குப் பின்னால் ஆளுக்கொரு நிறமாகப் பெட்டிகள். கையில் கொடுக்கிற சீட்டை வேண்டிய நிறத்துப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். எழுதத் தேவையில்லை, காதில் சொல்லவும் தேவையில்லை. நான் போட்டுவிட்டு வெளியே வந்து நின்றேன். நைனா உள்ளே போய் நெடுநேரம் வரவில்லை. ஏதாவது தடுமாறிவிட்டாரா என்று நான் எட்டிப் பார்க்கப் போனேன். அங்கிருந்த அதிகாரி தடுத்துவிட்டார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டே வந்தார்.

காட்பாடி ஸ்டேஷனில் வண்டிக்குக் காத்திருந்தோம். வேர்க்கடலை வாங்கி உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். உள்ளே யாரும் இல்லையே என்று ஆச்சரியமாகச் சொன்னார். ஆமாம், ரகசியம் என்றேன். இன்னொரு கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

“அந்த ரெண்டாவது சீட்டை நான்தான் எடுத்தேன்” என்றார்.

என் கையிலிருந்த கடலை கீழே கொட்டியது. உனக்குத்தான் படிக்கத் தெரியாதே என்று ஏதோ உளறினேன்.

“எம் பேரு எழுதத் தெரியுமில்ல. அந்தச் சீட்டுல எம் பேரு இல்லன்னு பார்க்க அது போதும்.”

ஏன் கேட்கவில்லை, ஏன் ஒரு நாளும் திட்டவில்லை என்றேன். இத்தனை வருஷம் வயிற்றுக்குள் கிடந்த கல் அது. அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“இன்னான்னு கேக்கறது? ரெண்டுலயும் எம் பேரு எழுதச் சொன்னவன் நான். அத்தினி பேரும் எனக்கு பயந்துக்கினு உன் காதுல பொய் சொன்னாங்க. நீ ஒருத்திதான் பயப்படாம எழுதின.”

பயந்துகொண்டுதான் எழுதினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பிளாட்பாரம் என்றும் பார்க்காமல் அழுதேன். அவர் கீழே கொட்டிய கடலையை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் மடியில் போட்டார். வண்டி வந்தது, ஏறினோம். ஆம்பூர் நெருங்கும்போது எனக்கு அழுகை நின்று, பிறவிக் குணம் தலைதூக்கிவிட்டது. எந்த நிறப் பெட்டியில் போட்டாய் என்று அவரைக் கேட்டேன். பேட்டையில் அத்தனை பேர் ஓட்டும் தெரிந்தவளுக்கு, சொந்த அப்பாவின் ஓட்டு தெரிய வேண்டாமா?

நைனா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“அதுக்குத்தானே தெரை கட்டி வச்சிக்கீறான்” என்றார்.

சாகும் வரைக்கும் சொல்லவில்லை.